தேடினால் கிடைக்காதவை: ஒரு தேடுபொறி நிறுவனத்துக்குள் இருந்து பார்த்தவை

மூன்று வருடங்களுக்குச் சற்று மேலாக, ஐரோப்பிய நகரம் ஒன்றில் இயங்கிய சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்தேன். மொத்தம் இருபது பேர்கூட இல்லை. கூகிளிடமோ மைக்ரோசொப்டிடமோ கையேந்தாமல், இணையத்தைத் தானே வாசித்துத் தானே விடை தரும் தேடுபொறி ஒன்றை உருவாக்குவதுதான் எங்கள் வேலை. பணம் தீர்ந்தது, நிறுவனம் மூடப்பட்டது. இத்தகைய நிறுவனங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான் என்பதால் அதன் பெயர் இங்கே முக்கியமில்லை.

வன்னியில் இருக்கும் பெரியம்மாவுக்கு என்னுடைய வேலையை விளங்கப்படுத்துவது கஷ்டமாக இருந்தது. "கூகிள் மாதிரி ஒண்டு, பெரியம்மா. நாங்களே செய்யிறம்" என்றேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "அப்ப அதில அண்ணான்ர பேரை ஒருக்காப் போட்டுப் பாரன், தம்பி."

அண்ணா என்றது அவருடைய மூத்த மகனை. 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பெரியம்மா போகாத விசாரணை இல்லை, கொடுக்காத மனு இல்லை. தேடுபொறி என்ற சொல்லை அவர் கேட்டவிதம் வேறு. தேடுகிற பொறி என்றால் தேடத்தானே வேண்டும்?

போட்டுப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. ஆனால் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குள் நான் அந்த மூன்று வருடங்களும் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாம் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்ததும் தேடுபொறி இணையம் முழுவதும் ஓடிப்போய்த் தேடிவருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. எப்போதோ வாசித்து எடுத்து வைத்த பக்கங்களில் இருந்துதான் அது பதில் சொல்கிறது. கிரோலர் எனப்படும் நிரல் ஒன்று பக்கம் பக்கமாக, ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்குப் போய், கிடைத்ததை இறக்கிக்கொண்டு வரும். அந்தப் பக்கங்களில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும், அது எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாராகும். பெரிய புத்தகங்களின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்றதுதான் இது. நாம் தேடும்போது புரட்டப்படுவது அந்தச் சொல்லடைவு மட்டும். அதில் ஏறாத பக்கம் இணையத்தில் இருந்தாலும் இல்லாததுதான்.

இந்தச் சொல்லடைவை வைத்திருப்பதற்குச் செலவு இருக்கிறது. பக்கத்தை இறக்கச் செலவு, வைத்திருக்கச் செலவு, மாறியிருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்க்கச் செலவு. அமெரிக்க அரசு கூகிளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் சாட்சியம் சொன்ன கூகிள் அதிகாரி ஒருவர், 2020இல் தங்கள் சொல்லடைவில் ஏறத்தாழ 400 பில்லியன் ஆவணங்கள் இருந்ததாகச் சொன்னார். எங்களிடம் இருந்தது அதில் நூறில் ஒரு பங்கும் இல்லை. ஆகவே எதை எடுப்பது என்பதைவிட, எதை விடுவது என்பதுதான் ஒவ்வொரு நாளும் எங்கள் முன்னால் இருந்த கேள்வி. ஒரு புதிய தேடுபொறியில் வேலை செய்வது என்றால் பெரும்பாலும் இதுதான். மிகவும் புத்திசாலித்தனமான வேலை என்று நினைத்துப் போனவன், நாள் முழுவதும் குப்பை பிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு முன்னால் முயன்றவர்கள் சின்ன ஆட்கள் அல்லர். கூகிளிலிருந்து வெளியேறியவர்களும் சேர்ந்து தொடங்கிய கூல் என்ற தேடுபொறி, 2008 ஜூலையில் 120 பில்லியன் பக்கங்களோடு வருகிறோம் என்று அறிவித்தது. 2010 செப்டெம்பரில் நின்றுபோனது. ஜேர்மனியில் பெரிய ஊடக நிறுவனம் ஒன்றின் பணத்தோடு நடந்த கிளிக்ஸ் 2020இல் மூடப்பட்டது. நீவா என்பதைப் பற்றித் தமிழர்கள் சிலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதை 2019இல் தொடங்கியவர்களில் ஒருவர் ஸ்ரீதர் ராமசாமி, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், கூகிளின் விளம்பரப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். விளம்பரம் இல்லை, சந்தா கட்டினால் போதும் என்றார்கள். நல்ல தேடுபொறி. 2023 மே மாதத்தில் அதுவும் கைவிடப்பட்டது. ஆட்களைப் பணம் கட்டவைப்பதைவிட, ஒரு புதிய தேடுபொறியைப் பயன்படுத்திப் பார்க்கவைப்பதுதான் கடினமாக இருந்தது என்று அவர்கள் விளக்கம் கொடுத்தார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. உங்கள் கைத்தொலைபேசியை வாங்கிய நாளிலிருந்து அதில் கூகிள் இருக்கிறது. நீங்கள் வைக்கவில்லை, வைக்கப்பட்டிருந்தது. அப்படி வைப்பதற்காக மட்டும் கூகிள் 2021ஆம் ஆண்டில் 26.3 பில்லியன் டொலர் கொடுத்தது. இது நீதிமன்றத்தில் வெளிவந்த தொகை. 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி வொஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா, கூகிள் தன்னுடைய ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பில் இன்னொரு கணக்கு இருக்கிறது. மற்றெல்லாத் தேடுபொறிகளுக்கும் ஒரு நாளில் வரும் தேடல்களைக் கூட்டினால் வருவதைப்போல ஒன்பது மடங்கு தேடல் கூகிளுக்கு வருகிறது. கூகிள் 13 மாதங்களில் பார்க்கும் தேடல்களைப் பார்த்து முடிக்க மைக்ரோசொப்டின் பிங்குக்கு 17 வருடங்களுக்கு மேல் பிடிக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், தேடுபொறி தேடுகிறவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது. பத்துப் பேர் ஒரே சொல்லைத் தேடி மூன்றாவதாக வந்த பக்கத்தையே அழுத்தினால், அதை முதலாவதாக வைக்கவேண்டும் என்று அதற்குத் தெரியும். தேடுகிறவர்கள் இல்லாத இடத்தில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. கற்றுக்கொள்ளாத தேடுபொறி நல்ல விடை தராது. நல்ல விடை தராத இடத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள். எங்கள் நிறுவனம் முழுவதற்கும் இருந்த பிரச்சினை இது. அந்த நிறுவனத்துக்குள்ளே தமிழுக்கு இருந்த பிரச்சினையும் இதேதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

புதிதாக வரும் கிரோலருக்குக் கதவும் திறக்காது. ஒவ்வோர் இணையத்தளமும் யார் உள்ளே வரலாம், வரக்கூடாது என்று ஒரு சிறிய கோப்பில் எழுதி வைத்திருக்கும். பலர் கூகிளையும் பிங்கையும் விட்டு மற்ற எல்லாரையும் மறித்திருப்பார்கள். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் கிரோலர்கள் படையெடுக்கத் தொடங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசமானது. 2025 ஜூலையிலிருந்து கிளவுட்பிளெயார் நிறுவனம் தன்னிடம் புதிதாக வரும் தளங்களுக்கு அத்தகைய கிரோலர்களைத் தானாகவே மறிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தள உரிமையாளர்கள் பக்கம் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தடுப்பு வேலி போடும்போது ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை, வெளியே நின்றவர்களுக்குத்தான் பிரச்சினை. இதை நம்முடைய வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இனித் தமிழுக்கு வருகிறேன். எல்லாரையும்போல நாங்களும் காமன் கிரோல் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு இலவசமாக வெளியிடும் தொகுப்பை எடுத்துத்தான் வேலையைத் தொடங்கினோம். ஒவ்வொரு தொகுப்பிலும் பில்லியன் கணக்கில் பக்கங்கள் இருக்கும். அவற்றில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஆங்கிலம். தமிழின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அந்த ஒன்றுக்கும் குறைவானதிலும் பெரும்பகுதி தமிழ்நாட்டுச் செய்தித்தளங்கள், சினிமா, சோதிடம், சமையல். ஈழத்தமிழர்கள் எழுதியவை அதற்குள் ஒரு துளி. போர்க்காலத்தில் எழுதப்பட்டவை அந்தத் துளிக்குள் ஒரு துளி.

துளி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் ஒருநாள் குப்பைப் பெட்டியைக் கிளறிப் பார்த்தேன்.

ஒரு பக்கம் வந்ததும் அது எந்த மொழி என்று கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று முதலில் அதைப் பார்க்கும். எந்த மொழியுமில்லை என்று அது முடிவுசெய்தால் பக்கம் குப்பைக்குப் போகும். அந்தக் குப்பையில் ஒரு வகையான பக்கம் திரும்பத் திரும்ப வந்தது. ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் ஒரு சொல்லும் ஆங்கிலம் இல்லை. ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. இந்த ஐந்து குறிகள் ஒரே பக்கத்தில் பத்துத் தடவை வந்திருந்தன. யாழ்ப்பாணத்தில் அச்சகத்திலோ பத்திரிகையிலோ தட்டச்சு வேலை பார்த்த எவருக்கும் அது என்னவென்று உடனே தெரியும். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி அப்படித்தான் சேமிக்கும்.

ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் நம்முடைய கணினிகளுக்கு அது வந்துசேர வெகுகாலம் பிடித்தது. அதுவரைக்கும் பாமினிதான். திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பக்கத்தைத் திறந்ததும் எழுத்துருவும் கூடவே இறங்கிவிடும்படி சில தளங்கள் செய்திருந்தன. வாசகருக்கு வித்தியாசம் தெரியாது. இயந்திரத்துக்கோ அது வெறும் பிதற்றல். 2000களின் நடுப்பகுதி வரை, சில தளங்களில் அதற்குப் பின்னும், வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த செய்திகளில் பெரும்பகுதி இப்படித்தான் எழுதப்பட்டது. செய்தியாளர்கள் உயிரைப் பணயம் வைத்து அனுப்பியவை அவை.

இதற்குப் பரிகாரம் பெரிய விஞ்ஞானம் அல்ல. பக்கத்தின் மூலநிரலிலேயே எழுத்துருவின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெயரைக் கண்டால் எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம்மாறிக் கிடப்பதைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒரு வார இறுதியில் எழுதி முடித்தேன். குப்பையிலிருந்த சில ஆயிரம் பக்கங்கள் திங்கட்கிழமை காலையில் தமிழாக எழுந்து நின்றன.

பெரியம்மாவின் மகனுடைய பெயரை மறுபடி போட்டேன். அவர் இல்லை. ஆனால் பெரியப்பா இறந்த இடத்தின் பெயரைப் போட்டபோது ஒரு பக்கம் வந்தது. 2009 பெப்ரவரியில் ஒரு நாள், அவர்கள் தறப்பாள் கூடாரம் போட்டிருந்த இடத்தில் எறிகணை விழுந்ததைப் பற்றிய நான்கு வரிச் செய்தி. திகதி இருந்தது, நேரம் இருந்தது, காயப்பட்டவர்களை எங்கே கொண்டுபோனார்கள் என்பதும் இருந்தது. பெரியப்பாவின் மரணச் சான்றிதழில் இருப்பது வேறு திகதி. பிற்பாடு முகாமிலிருந்து வந்து பதிந்தபோது யாரோ எழுதிய திகதி அது. ஒரு விசாரணையில், "நீங்கள் சொல்லுற திகதியும் சான்றிதழில இருக்கிற திகதியும் ஒத்துவரேல்லையே அம்மா" என்று கேட்டு அவருடைய வாக்குமூலத்தையே சந்தேகக்கண்ணோடு பார்த்திருக்கிறார்கள். பெரியம்மா சொன்ன திகதிதான் அந்தச் செய்தியில் இருந்தது. அந்தப் பக்கம் பத்து வருடங்களுக்கு மேலாக இணையத்தில் திறந்தபடி கிடந்தது. பெரிய தேடுபொறிகள் எதிலும் தமிழில் தேடி அது எனக்கு அகப்படவில்லை. (இடத்தின் பெயரை எழுதவேண்டாம் என்று பெரியம்மா சொன்னார். எழுதவில்லை.)

எனக்கு அன்று ஏற்பட்ட உற்சாகம் இரண்டு நாள்தான் நின்றது. மாற்றிய பக்கங்களை வரிசையாக வாசித்துக்கொண்டு போனபோது வேறு பெயர்களும் வரத் தொடங்கின. கூட்டங்களில் பேசியவர்கள், நிதி கொடுத்தவர்கள், படத்துக்குக் கீழே ஊரும் வயதும் போடப்பட்டிருந்த பிள்ளைகள். அவர்களில் பலர் உயிரோடு இருக்கிறார்கள். புனர்வாழ்வு முகாமுக்குப் போய்வந்து, கலியாணம் கட்டி, கடை வைத்து, அந்தக் காலத்தைப் பற்றி ஒருவரிடமும் பேசாமல் வாழ்கிறார்கள். பேஸ்புக்கில் ஒரு படம் போட்டதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுசெய்யப்பட்டவர்கள் இருக்கும் நாடு இது. பெரியம்மாவுக்குச் சாட்சியைத் திறந்துகொடுத்த அதே நிரல், இவர்களுடைய கதவையும் திறந்துவிடும். பாமினி ஒரு பூட்டாகவும் இருந்திருக்கிறது என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், ஆட்களின் பெயர்ப் பட்டியல்களாகத் தெரிந்த பக்கங்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் சொல்லடைவில் ஏற்றினேன். சரியா என்று கேட்டால் முழுதாகச் சரி என்று சொல்லமாட்டேன். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயர் கடைசியாக அச்சானது அந்தப் பட்டியல்களில் ஒன்றிலாக இருக்கலாம். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்ற தீர்மானத்தை, வெளிநாட்டில் ஓர் அறையில் இருந்த நான் தனியாக எடுத்தேன். கலந்துபேச அந்த அலுவலகத்தில் ஒருவர் இல்லை. நம்முடைய சமூகத்திலும் இதைப் பேசுவதற்கு ஓர் இடம் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

சொற்களிலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'காணாமல் போனோர்', 'காணாமல் ஆக்கப்பட்டோர்', 'காணாமலாக்கப்பட்டவர்கள்', 'காணாமற்போன ஆட்கள்'. நமக்கு இவை ஒரே துயரத்தின் பெயர்கள். ஆனால் ஒரே பொருள் கொண்டவை அல்ல. முதலாவது, அவர்கள் தாங்களாகவே எங்கேயோ போய்விட்டதுபோலச் சொல்கிறது. இரண்டாவது, யாரோ அதைச் செய்தார்கள் என்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரத்தில் உட்கார்ந்த தாய்மார் பிடித்து நிற்பது இரண்டாவதை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ் வடிவத்தில் இருப்பது 'காணாமற்போன ஆட்கள்'. தேடுபொறிக்கு இவை நான்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எழுத்துக்கோவைகள். இடைவெளி விட்டு எழுதினால் ஒன்று, சேர்த்து எழுதினால் இன்னொன்று. ஆங்கிலத்தில் இத்தகைய வேறுபாடுகளை இணைப்பதற்குப் பல வருட உழைப்பு போடப்பட்டிருக்கிறது. தமிழில் 'முல்லைத்தீவு', 'முல்லைத்தீவில்', 'முல்லைத்தீவிலிருந்து' மூன்றும் ஒரே ஊர் என்பதையே நாங்கள் கையால் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது.

எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறீர்களோ அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்களின் உலகம்தான் முன்னால் வரும். அதிலும் முதலிடத்துக்கு வருவது, அதிகமான தளங்கள் இணைப்புக் கொடுத்த பக்கம். அரசாங்கத் தளங்களுக்கும் கொழும்புப் பெரிய பத்திரிகைகளுக்கும் உலகெங்கும் இருந்து இணைப்புகள் உண்டு. அவை மூடப்படுவதில்லை, முகவரி மாறினாலும் பழைய முகவரியிலிருந்து வழி இருக்கும். நம்முடைய சிறிய தளத்துக்கு இணைப்புக் கொடுத்த இன்னொரு சிறிய தளம் 2010இலேயே இறந்துபோயிருக்கும். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. வரிசைப்படுத்தும் கணக்கே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

கூகிள் நம்முடைய வரலாற்றைத் திட்டமிட்டு மறைக்கிறது என்று புலம்பெயர் நண்பர்கள் அடிக்கடி சொல்வார்கள். பேஸ்புக் பதிவுகளை நீக்குவது நாம் கண்ணால் பார்த்த விடயம், அதை மறுக்கவில்லை. 2007 ஜூனில் தமிழ்நெட் தளத்தை இலங்கையில் முடக்கினார்கள். அதையும் எல்லாரும் அறிவார்கள். ஆனால் முடக்கம் என்றால் எதிர்ப்பதற்கு ஒருவர் இருக்கிறார். முடக்கிய அமைச்சு இருக்கிறது, கண்டன அறிக்கை விடலாம், வழக்குப் போடலாம். சொல்லடைவில் ஏறாமல் போன பக்கத்துக்கு எதிராளி இல்லை. நான் உள்ளே இருந்து பார்த்தது பகையை அல்ல, அக்கறையின்மையை. அது எனக்குப் பகையைவிட மோசமாகத் தெரிந்தது.

அந்த அக்கறையின்மைக்கு ஒரு முகம்கூடக் கிடையாது. எங்கள் நிறுவனத்தில் பணம் இறுகத் தொடங்கியபோது ஒரு கூட்டம் நடந்தது. திரையில் மொழிகளின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பக்கம் வைத்திருக்கிறோம், அந்த மொழியில் நாளொன்றுக்கு எத்தனை தேடல் வருகிறது. ஓரிடத்தில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தவை அடுத்த மாதத்திலிருந்து நீக்கப்படும். தமிழ் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. தமிழில் எங்களிடம் தேட எவரும் வருவதில்லை என்பதுதான் காரணம். தமிழில் சரியாகக் கிடைக்காததால்தான் வருவதில்லை என்று நான் சொன்னேன். தலைமை தாங்கியவர் நல்ல மனிதர். அது தனக்கும் தெரியும் என்றார். நமக்கும் கூகிளுக்கும் இடையில் இருப்பதும் அதேதானே என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இருபது பேரின் சம்பளம் என் கையில் இருந்திருந்தால் நானும் அந்தக் கோட்டை ஏறத்தாழ அதே இடத்தில்தான் போட்டிருப்பேன்.

2025 செப்டெம்பர் 2ஆம் திகதி நீதிபதி மேத்தா பரிகாரங்களை அறிவித்தார். குரோம் உலாவியை விற்கத் தேவையில்லை. கைத்தொலைபேசி நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பதும் தொடரலாம்; ஆனால் வேறு எவரையும் வைக்கக்கூடாது என்று ஒப்பந்தம் போட முடியாது. தகுதியுள்ள போட்டியாளர்களுக்குக் கூகிள் தன்னுடைய சொல்லடைவுத் தரவிலும் தேடல் தரவிலும் ஒரு பகுதியைக் கொடுக்கவேண்டும். என்னுடைய பழைய சக ஊழியர்கள் இதைப் பெரிய வெற்றி என்று எழுதினார்கள். அவர்கள் நிலையிலிருந்து அது சரி. அதற்கு மூன்று வாரங்களுக்குச் சற்று முன்னர்தான், ஓகஸ்ட் 11ஆம் திகதி, சிறிய தேடுபொறிகள் பல காசு கட்டிப் பயன்படுத்திவந்த பிங்கின் தேடல் சேவையை மைக்ரோசொப்ட் நிறுத்தியிருந்தது. வேறு வழி எதுவானாலும் நல்லதுதான்.

நமக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பது வேறு கேள்வி. கூகிளிடம் இருப்பதைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால், கூகிளிடம் இருப்பது பத்து இடத்தில் இருக்கும். அங்கே இல்லாதது பத்து இடத்திலும் இல்லாமல் இருக்கும். போட்டி வந்தால் விடை கிடைக்கும் என்பது, சந்தையில் ஏற்கெனவே ஆளாக எண்ணப்படுகிறவர்களுக்கான வாதம். இலாபத்துக்கு நடத்தப்படும் எந்தத் தேடுபொறியிலும் எங்களுடைய கூட்டத்தில் போட்ட அந்தக் கோடு ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடு 14 நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய திறந்த இணையச் சொல்லடைவுத் திட்டத்தின்மீது எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. அது விற்பனைக்கான சரக்கல்ல. ஆனால் அதன் பெயரே சொல்வதுபோல அது ஐரோப்பாவுக்கானது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்த விடயத்துக்கு அவசரம் கூடியிருக்கிறது. முன்பு தேடினால் பத்து இணைப்புகள் வரும். பத்தாவதையாவது ஒருவர் அழுத்துவார். இப்போது மேலே ஒரு பத்தி விடை வருகிறது, பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த விடையை எழுதும் இயந்திரங்களில் பல, நாங்கள் எடுத்த அதே காமன் கிரோல் தொகுப்பில் பழக்கப்பட்டவை. எங்களுடையதைப் போன்ற ஒரு மொழி வடிகட்டி அங்கேயும் இருக்கும். எங்கள் குப்பைப் பெட்டிக்குப் போனவை அவற்றின் குப்பைப் பெட்டிக்கும் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கு ஒரு பிள்ளை 2009இல் என்ன நடந்தது என்று தமிழில் கேட்டால், குப்பைக்குப் போகாதவற்றிலிருந்துதான் அதற்குப் பதில் வரும்.

நம்முடைய பக்கத்தில் இருக்கும் பிழைகளையும் சொல்லவேண்டும். 2009க்குப் பிறகு எத்தனை தளங்கள், வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபா முகவரிக் கட்டணம் கட்டாததால் போயின! அவற்றில் சிலவற்றின் முகவரியில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. பழைய வன்தட்டு யாருடைய வீட்டு நிலவறையில் இருக்கிறது, அது யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் வன்தட்டே பழுதாகிவிடும். இப்போது எழுதப்படுபவையோ பேஸ்புக்குக்குள்ளும் வட்ஸ்அப்புக்குள்ளும் போகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் தேடுபொறிகளின் கிரோலர்கள் நுழைய முடியாது. ஒவ்வொரு மே மாதமும் ஊர் ஊராக இறந்தவர்களின் பெயர்களைப் பதாகையில் அச்சடித்து, அதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் பெயர் இயந்திரத்துக்கு எழுத்து அல்ல. அதே பெயர்களைக் கீழே தட்டச்சு செய்து போட அரைமணி நேரம் போதும்.

2005இலிருந்து நூலகம் நிறுவனம் செய்துவரும் வேலையை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஆனால் அங்கும் பெரும்பாலானவை வருடப்பட்ட பக்கங்கள். உள்ளிருக்கும் சொற்களைத் தேடக்கூடியதாக மாற்றுவதற்கு ஆளும் பணமும் வேண்டும். பழைய தளம் ஒன்றின் கோப்புகளை வைத்திருப்பவர்கள் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு, ஒரு பிரதியை இன்டர்நெட் ஆர்க்கைவுக்கும் கொடுக்கலாம். மாற்றுவதற்கு முன்னால் உயிரோடு இருக்கும் ஆட்களின் பெயர்களை என்ன செய்வது என்று நாலு பேர் இருந்து பேசவேண்டும். அந்த நாலு பேரில் ஒருவராவது ஊரில் இருப்பவராக இருக்கவேண்டும் என்பது என்னுடைய அபிப்பிராயம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இழப்பதற்கு எதுவும் இல்லை.

நிறுவனத்தின் சேர்வர்கள் நிறுத்தப்படுவதற்கு முதல் வாரம், நான் மாற்றிய தமிழ்ப் பக்கங்களின் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டேன். கேட்டபோது ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. பெரியப்பா இறந்த நாளின் செய்தியைத் தமிழிலேயே அச்சிட்டு, மூலப் பக்கத்தின் முகவரியையும், அது வேபெக் மெஷினில் சேமிக்கப்பட்ட திகதியையும் கீழே போட்டுப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். அதை அவர் மற்றக் கடதாசிகளோடு பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறார். சான்றிதழில் திகதியை மாற்றுவதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். இணையத்தில் வந்த செய்தியைச் சாட்சியாக எடுப்பார்களா என்று இன்னும் முடிவு சொல்லவில்லை. போன கிழமை கதைத்தபோது, அண்ணாவின் பெயரை இன்னொருக்காப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டார். அந்த நிறுவனம் மூடியாகிவிட்டது என்பதை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.